ஒத்து ஊதுவது

"அவன் விடுற மூச்சுக்கும் சேத்து நான் ஏன் சார் ஊதணும்?"

கேட்டது பதினோராம் வகுப்புப் பெண். இடம் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பொங்கல் லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பியிருந்தார்கள். குடியரசு தினத்துக்கு எட்டு நாள்தான் பாக்கி. அவள் கோபமாகக் கேட்கவில்லை. யூஃபோனியத்தை மடியில் சாய்த்து, உள்ளே தேங்கியிருந்த தண்ணீரை வடித்துக்கொண்டே, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். "அப்புறம் சொல்றேன்மா" என்றேன். சில வருஷம் ஓடிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.

நான் பேண்டு சொல்லிக்கொடுப்பவன். என் வாத்தியம் கிளாரினெட். ஆனால் பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் ட்ரம்பெட், யூஃபோனியம், சைடு டிரம், சிம்பல் எல்லாவற்றுக்கும் நான்தான் மாஸ்டர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மாணவர் பேண்டு என்றால் சீருடை, தொப்பியில் இறகு, இடது வலது. உள்ளே இருப்பவர்களுக்கு அது முழுக்க மூச்சு விவகாரம். அணிவகுப்பின் வேகம் நிமிஷத்துக்கு 120 அடி. ஓர் அடிக்கு அரை விநாடி. அந்த வேகத்தில் நடந்துகொண்டே பித்தளைக் குழாயில் ஊத வேண்டும். குதிகால் தரையில் மோதும்போதெல்லாம் மவுத்பீஸ் உதட்டில் இடிக்கும். இடுப்புக்குக் கீழே நடை, இடுப்புக்கு மேலே சிலை. நடுவில் மூச்சு.

முதல் இரண்டு வாரம் வாத்தியத்தைக் கையில் கொடுக்க மாட்டேன். பிள்ளைகள் நொந்துபோவார்கள். மீரட்டில் செய்த பித்தளையெல்லாம் அலமாரியில் பளபளவென்று இருக்கும்; இவர்கள் மைதானத்தில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கோனார் உரையை வைத்துக்கொண்டு மூச்சு இழுப்பார்கள். புத்தகம் ஏறினால் சரி, தோள் ஏறினால் தப்பு. உதரவிதானம் கீழே இறங்கினால் வயிறு தானாக முன்னே தள்ளும். நுரையீரலின் அடிப்பகுதிவரை காற்று போகும். கோனார் உரைக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று தமிழாசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டு, தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் இருப்பதைச் சொன்னார். பேச்சுக்கான காற்று உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழ்ப் பக்கமிருந்து கிளம்புவதாகத்தான் அது தொடங்குகிறதாம். நான் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு பழைய பாடம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு எழுந்து நடக்க வேண்டும். நாலு அடிக்கு இழு, எட்டு அடிக்கு 'ஸ்ஸ்' என்று விடு. இரண்டு அடிக்கு இழு, 12 அடிக்கு விடு. கடைசியில், ஓர் அடிக்கு இழு, 16 அடிக்கு விடு. வாசிக்கும்போது மூச்சு எடுக்கக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்த ஓர் அடிதான். வகுப்பில் வாத்தியார்கள் "மூச்சுச் சத்தம் கேக்கக் கூடாது" என்று மிரட்டிப் பழக்கிய பிள்ளைகள். என்னிடம் வந்தால் நான், "எனக்கு மூச்சுச் சத்தம் கேக்கணும்" என்பேன். அதற்கே ஒரு வாரம் கூச்சப்படுவார்கள்.

ஒரு பேண்டில் மூச்சு இரண்டு விதம். ஒன்று, சேர்ந்து எடுப்பது. பாட்டு தொடங்குவதற்கு முந்தின அடியில் எல்லாரும் ஒன்றாக இழுக்க வேண்டும். ஊதுகிற 13 பேரும் ஒரே நேரத்தில் 'ஹா' என்று இழுக்கிற சத்தம்தான் சிக்னல். அதற்குமேல் கையை ஆட்ட வேண்டிய தேவையில்லை. அது நன்றாக விழுந்த நாளில் எனக்கு மயிர்க்கூச்செறியும். இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. மூச்சு உள்ளே போகும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும் வெளியே வரும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். சுவீடனின் கோத்தன்பர்க்கில் 2013ல் வெளியான ஓர் ஆய்வு, சேர்ந்து பாடுபவர்களின் மூச்சு ஒன்றாகும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒன்றாகிறது என்று காட்டியது. நாங்கள் மேடைப்பேச்சில் 'ஓர் உடல் ஓர் உயிர்' என்று அள்ளிவிடுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

இரண்டாவது விதம், பிரிந்து எடுப்பது. நீளமான சுரம் வரும். 13 பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டில் பொத்தல் விழும். அதனால் பக்கத்தில் இருப்பவன் எடுக்கும்போது நீ எடுக்கக் கூடாது. எல்லாருக்கும் எடுக்கத் தோன்றும் இடத்தில், அதாவது தாளக்கட்டு முடிகிற இடத்தில், எடுக்கக் கூடாது. சத்தத்தை மெல்லத் தேய்த்துவிட்டு வெளியே போ, மெல்ல உள்ளே வா. நீ இல்லாத ஓர் அடி, இரண்டு அடியைப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வான். கேட்பவர்களுக்குச் சுரம் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் இதை ஸ்டாகர் பிரீதிங் என்பார்கள். பிள்ளைகளிடம் நான் 'மாத்து மூச்சு' என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் பட்டாளத்து பேண்டிலிருந்து ஓய்வுபெற்றவர். மாத்து மூச்சு அவருக்கும் தெரியும். ஆனால் முடிந்தவரை அனுமதிக்க மாட்டார். "மூச்சு இல்லாதவன் ஆர்மோனியம் வாசிக்கட்டும்" என்பார். நானும் அந்த வழியிலேயே வந்தேன்.

அந்த ஜனவரியில் நாங்கள் எடுத்திருந்த மார்ச்சின் கடைசியில் 16 அடி நீளும் ஒரே சுரம். எட்டு விநாடி. அங்கே "எவனும் மூச்சு விடக் கூடாது" என்று உத்தரவு போட்டிருந்தேன். யூஃபோனியம் இருவர்: அந்தப் பெண், அவளுக்குப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன். பையன் கல்வராயன் மலைக்காரன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, வெள்ளிமலைக்கும் அப்பால் அவன் ஊர். விடுதியில் தங்கிப் படித்தான். ஒவ்வொரு தடவையும் ஒன்பதாவது அடியில் விட்டுவிடுவான். மலைப் பிள்ளை, தினமும் ஏறி இறங்கி வளர்ந்தவன், நுரையீரல் இரும்பு மாதிரி இருக்கும் என்று நான்தான் அவனை யூஃபோனியத்துக்கு எடுத்தேன். அதனால் எனக்கு அவன் செய்வது சோம்பேறித்தனமாகப் பட்டது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் வரிசையிலிருந்து அவனை வெளியே இழுத்து, தனியாக ஊதச் சொன்னேன். மற்ற 21 பேரையும் மார்க் டைமில் நிறுத்திவைத்தேன். நின்ற இடத்திலேயே இடது வலது போட வேண்டும். அவன் ஊதினான், ஒன்பதில் விட்டான். "திருப்பி." எட்டில் விட்டான். "திருப்பி." ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, "முடியல சார்" என்றான். வாத்தியத்தைப் பத்திரமாகத் தரையில் வைத்தான். அப்புறம் முட்டி போட்டு, கையை ஊன்றி, அப்படியே சரிந்தான்.

பிறகு நடந்தது சாதாரணம். தண்ணீர், வார்டன், ஆட்டோ, ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளை யாருக்கும் தெரியாமல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நுரையீரல் நான் நினைத்தது மாதிரி நன்றாகத்தான் இருந்தது. இழுத்த காற்றை உடம்புக்குள் சுமந்துபோக ரத்தத்தில் ஆள் இல்லை.

எனக்குத் தூக்கம் போனது அதனால் மட்டும் இல்லை. அவன் சரிந்து கிடந்தபோது நான் அவன் பக்கம் ஓடினேன். பின்னால் 'தப் தப்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் 21 பேரும் இடது வலது போட்டுக்கொண்டிருந்தார்கள். கண் அவன் மேல் இருக்கிறது, ஒரு பிள்ளை அழுகிறது, கால் மட்டும் நிற்கவில்லை. நான் 'ஹால்ட்' சொல்லியிருக்கவில்லை.

வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாசிரியர் 1941ல் அமெரிக்க ராணுவத்தில் கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர். டெக்சாஸ் வெயிலில், பயிற்சிக்கு வேண்டிய ஆயுதம்கூடச் சரியாக இல்லாமல், மணிக்கணக்காக நடக்கவைத்தார்கள். அர்த்தமில்லாத அந்த நடை தனக்கு ஏன் அவ்வளவு சுகமாக இருந்தது, தன் உடம்பு பெரிதாகிவிட்டதுபோல் ஏன் தோன்றியது என்ற கேள்வியை அவர் அரை நூற்றாண்டு சுமந்திருந்து, 1995ல் ஒரு புத்தகமாக எழுதினார். சேர்ந்து அசைகிற உடம்புகளுக்குள் பிணைப்பு உண்டாகிறது. கிராமத்து நடனமும் அதில்தான் நிற்கிறது, படையும் அதில்தான் நிற்கிறது என்பது அவர் வாதம். 2009ல் ஸ்டான்ஃபோர்டில் வில்டர்முத், ஹீத் என்ற இருவர் சோதித்தே பார்த்தார்கள். சேர்ந்து அடிவைத்து நடந்துவிட்டு வந்தவர்கள், பிறகு விளையாடிய விளையாட்டில் ஒருவருக்கொருவர் அதிகம் ஒத்துழைத்தார்கள். பேண்டு மாஸ்டர்கள் இதுவரைதான் மேற்கோள் காட்டுவோம். அதே வில்டர்முத் 2012ல் இன்னொன்று செய்தார். சோதனை நடத்துபவரோடு அடி சேர்த்து நடந்தவர்கள், அவர் கேட்டுக்கொண்டபோது, மற்றவர்களைவிட அதிகமான சிறு பூச்சிகளைக் கொல்லத் துணிந்தார்கள். அதை எந்தப் பள்ளி ஆண்டுவிழாவிலும் நான் சொன்னதில்லை.

என் 21 பேரும் நல்ல பிள்ளைகள். அவர்களை அப்படி நிற்கவைத்தது நான் பெருமையாக நினைத்த பயிற்சிதான்.

பொங்கலுக்குப் பிறகு அந்த 16 அடியை மாத்து மூச்சுக்கு மாற்றினேன். பேப்பரில் ஒவ்வொருவருக்கும் பென்சிலால் ஒரு காற்புள்ளி: உனக்கு ஐந்தில், உனக்கு எட்டில், உனக்கு பதினொன்றில். ஒரு வித்தியாசம் உடனே தெரிந்தது. சேர்ந்து மூச்சு எடுக்க என்னைப் பார்த்தால் போதும். பிரிந்து எடுக்கப் பக்கத்து ஆளைக் கேட்டாக வேண்டும். அவன் எப்போது தேய்கிறான், எப்போது திரும்புகிறான் என்று காது அங்கேயே இருக்க வேண்டும். இதுவரை என் கையைப் பார்த்து வாசித்த பிள்ளைகள் முதல்முறையாக ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள். பையனுக்கு ஐந்திலும் பத்திலுமாக இரண்டு மூச்சு, அவளுக்கு ஒன்று. அவளால் 16 அடியும் ஒரே மூச்சில் போக முடியும். அதற்காக வீட்டில் சுவரில் காகிதத்தை ஒட்டவைத்து ஊதி ஊதிப் பழகியவள். "நான் பிராக்டிஸ் பண்ணேன். அவன் விடுறதுக்கும் நான் ஏன் ஊதணும்? யாருக்கும் தெரியக்கூடப் போறதில்ல." கடைசி வாக்கியம்தான் எனக்குத் தைத்தது. மாத்து மூச்சு சரியாக அமைந்தால், யார் யாருக்காக ஊதினார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

எளிய பதில்கள் கையில் இருந்தன. 'பேண்டுக்காக' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மைதானத்தில் அந்தக் கால்களை நிற்கவிடாமல் வைத்ததும் அதே 'பேண்டுக்காக'தான். 'நீயும்தான் மூச்சு விடற, அவனும்தான் உனக்கு ஊதறான்' என்றால் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதா? அவள் கொடுப்பது நாலு அடி, வாங்குவது இரண்டு. 'பாவம்மா, உடம்பு சரியில்லாத பையன்' என்றால் அவள் சரி என்றிருப்பாள். ஆனால் அந்தப் பதிலைப் பையனே அடைத்துவிட்டான். காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் என்னிடம் வந்து, "எனக்காக யாரும் ஊத வாணாம் சார். நா டிரம்முக்குப் போயிடறேன்" என்றான்.

தமிழில் 'ஒத்து ஊதறான்' என்றால் வசவு. சுயபுத்தி இல்லாமல் ஆமாம் போடுகிறவன். ஒத்து என்பது என்ன என்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாகஸ்வரக் கச்சேரியில் வித்வானுக்குப் பக்கத்தில் ஒருவர் நீளக் குழாயில் ஆதார சுருதியை மட்டும் ஊதிக்கொண்டிருப்பார். அதை நிறுத்தக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுக்க வேண்டும். மணிக்கணக்கில். வித்வான் ஒரு பிடியை முடித்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். அந்த மௌனம் அவ்வளவு அழகாக இருப்பது, பக்கத்தில் இவர் நிறுத்தாததால்தான். சுவரொட்டியில் இவர் பெயர் இருக்காது. சுருதிப்பெட்டி வந்ததும் வேலையும் போனது. அந்த வேலையைச் செய்தவரை இகழ்ச்சிக்கு உவமையாக்கி வைத்திருக்கிறோம்.

ஒத்துக்காரரை யோசித்துத்தான் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பக்கத்திலாவது போக முடிந்தது. அடுத்தவருக்காக ஊதுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஒத்துக்காரருக்கு நடந்த அநியாயம், அவருக்காக ஊத யாரும் இல்லாதது. வித்வான் ஒரு நாளும் ஒத்தைக் கையில் வாங்கி, "நீ கொஞ்சம் மூச்சு வாங்கிக்கப்பா" என்று சொல்லவில்லை. பிறப்பாலோ பிழைப்பாலோ ஒருவரே எப்போதும் ஊதுகிறவர், ஒருவரே எப்போதும் மூச்சு விடுகிறவர் என்று ஆகிவிட்டால் அது வேறு விஷயம்.

பையனுடைய மலையின் கதையும் அதுதான். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலையாகி 29 ஆண்டுக்குப் பிறகுதான் அரசு எடுத்துக்கொண்டது. மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், இவர்கள் மலையாளுகிற தமிழர்கள்) கூலி இல்லாமல் அவர்களுக்கு உழைத்துக்கொடுத்தார்கள். அந்த மலைக்கு ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க 2024 ஆகவேண்டியிருந்தது. ஆக, பையனின் ரத்தத்தில் இரும்பு குறைந்ததற்குப் பின்னால் தலைமுறைக் கணக்கு இருக்கிறது. அவன் பாட்டன் யாருக்கெல்லாமோ ஊதியவர். இன்று அவன் இரண்டு மூச்சு கூடுதலாக எடுத்தால் என்ன?

இப்படி எழுதும்போது நன்றாக இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர். எந்த ஜாகீரும் அவர்கள் வீட்டில் இருந்ததில்லை. மலை பட்ட கடனை அவள் மூச்சிலிருந்து வசூலிக்க நான் யார்? நியாயம் பேசுகிறபோது கடன்காரன் கிடைக்காமல், பக்கத்தில் நிற்கிறவனிடம் பில்லை நீட்டிவிடுகிறோம். இதில் நான் இன்னும் குழம்பித்தான் இருக்கிறேன்.

செய்தது இவ்வளவுதான். பையனை டிரம்முக்கு விடவில்லை. தேவை இருக்கிறதோ இல்லையோ, 13 பேரும் அந்தச் சுரத்துக்குள் குறைந்தது இரண்டு தடவை மூச்சு எடுத்தே ஆகவேண்டும் என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கியது. முடிந்ததைச் செய்யாதே என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அன்றைக்கு வாசித்ததை போனில் பதிவுசெய்து, பழைய பதிவையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டேன். பழையதில் அவளுடைய கடைசி மூன்று அடி மெலிந்து, சுருதி இறங்கியிருந்தது. மூச்சு தீர்ந்துபோகும்போது அப்படித்தான் ஆகும். தீருவதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்பதுதான் ஊதுவாத்தியத்தின் முதல் பாடம். பையன் எங்கே விடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் இவள் எங்கே தேய்கிறாள் என்பது என் காதில் விழவில்லை. அவள் கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலை எடுத்து ஏழில் ஒன்றும் பதின்மூன்றில் ஒன்றும் போட்டுக்கொண்டாள்.

அதை வைத்து அவள் கேள்வியை நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அவள் 16 அடியும் சுருதி இறங்காமல் ஊதியிருந்தால்? அப்போதும் மூச்சு எடு என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று கேட்டால், மைதானத்தில் அந்தக் கால் சத்தம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பதில் அதில் எங்கேயோ இருக்கிறது, வார்த்தையாக வரமாட்டேன் என்கிறது. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், ஒத்து வாழத் தெரியாதவனைச் செத்தவர்களோடு சேர்த்துவிடுகிறார். அவருக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை. ஒத்து வாழ்வது வேறு, மார்க் டைம் வேறு என்பதை ஒரு பிள்ளை கீழே விழுந்த பிறகுதான் கண்டேன்.

குடியரசு தினத்தன்று வாசித்தோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகும்வரை மாவட்ட விழா என்றால் விழுப்புரம் போக வேண்டும், இப்போது உள்ளூரிலேயே. ட்ரம்பெட் ஒன்று நடுவில் பிசிறியது. கடைசி 16 அடி அறுபடாமல் போனது. முடிந்ததும் வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "பசங்க மூச்சே விடல சார், எப்படி சார்?" என்றார். அவருக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. வெயிலில் நின்ற பையனுக்கு வாழைப்பழம் வாங்க ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் பிளஸ் டூ முடித்து, சேலத்தில் நர்சிங் சேர்ந்தாள். பையன் பதினோராம் வகுப்புக்கு வந்தான், மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, 16 அடியும் நிற்கிற அளவுக்கு. அவன் பக்கத்தில் எட்டாம் வகுப்பிலிருந்து புதிதாக ஒரு பொடியன். இரண்டாவது வாரம் பயிற்சி முடிந்ததும் பையன் என்னிடம் வந்தான்.

"சார், இவன் ஆறுலயே வுட்டுடறான் சார்."

"சரி."

"அதுக்கு நா ஏன் சார் ஊதணும்?"

நான் அவனையே பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டான். "உங்க அக்காவுக்குப் போன் போட்டுக் கேளுடா" என்றேன்.

"நம்பர் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு யூஃபோனியத்தை உறையில் போடப் போனான்.